பலகைக்கு முன்னால் நடப்பதையும் ஒருமுறை படம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றும் காலையில் மைதானத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. நீளம் தாண்டும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இன்னமும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு நீளம் தாண்டுதல் படம் வந்திருந்தது. வீரர் காற்றில் இருக்கிறார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கைகள் இரண்டும் தலைக்கு மேலே. கீழே ‘காற்றில் நடந்து பதக்கம்’ என்று எழுதியிருந்தீர்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒரு பையன் என் முன்னால் வந்து நின்றான். 13 வயது. எங்களிடம் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. “டீச்சர், இதை மட்டும் சொல்லிக் கொடுங்க. காத்துல நடக்கிறதை. மத்ததெல்லாம் எனக்குத் தெரியும்” என்றான்.

‘மற்றதெல்லாம்’ என்று அவன் சொன்னது ஓடி வருவதையும், மணல்குழிக்கு முன்னால் பதித்திருக்கும் பலகையில் கால் வைத்து எழும்புவதையும். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. அவன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பெற்றோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிற பலரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் கொடுத்தேன்.

கையில் இருந்த சாக்பீஸை மணலுக்குள் எறிந்து காட்டினேன். “கையை விட்டுப் போன பிறகு இது எங்கே விழணும்னு மாத்த முடியுமா?” என்று கேட்டேன். “முடியாது டீச்சர்.” “சாக்பீஸுக்குக் கை கால் இருந்து, நடுவிலே ஆட்டினா?” கொஞ்சம் யோசித்தான். “அப்பவும் முடியாதுல்ல?” என்றான், என்னையே கேட்கிற மாதிரி.

அவ்வளவுதான் விஷயம். பலகையை விட்டுக் கால் எழும்பிய அந்தக் கணத்திலேயே உடம்பின் எடைமையம் போகிற வளைவு முடிவாகிவிடுகிறது. எவ்வளவு வேகத்தில் கிளம்பினாய், எந்தக் கோணத்தில் கிளம்பினாய், கிளம்பும்போது எடைமையம் எவ்வளவு உயரத்தில் இருந்தது, இந்த மூன்றும்தான் கணக்கு. அதற்கப்புறம் காற்றில் நடந்தாலும் சரி, நீந்தினாலும் சரி, அந்த வளைவு ஒரு சென்டிமீட்டர்கூட நீளாது.

அப்படியானால் ஹிட்ச் கிக் என்கிற, அந்தக் காற்றில் நடக்கும் முறை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. முழு வேகத்தில் வரும் உடம்பின் கீழே, பலகையில் கால் ஒரு கணம் பிடித்துக்கொள்கிறது. மேல் உடம்போ முன்னால் போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் குப்புறச் சாய்கிற ஒரு சுழற்சி உடம்புக்குள் ஏறிவிடுகிறது. அதை அப்படியே விட்டால் கால்கள் கீழே போய், மார்பு முன்னால் வந்து, சீக்கிரமே மணலைத் தொட்டுவிடுவோம். ஹேங் என்ற இன்னொரு முறையில் உடம்பை நீட்டித் தொங்கவிடும்போது சுழற்சி மெதுவாகிறது. ஹிட்ச் கிக்கில் கைகளும் கால்களும் சுற்றி அந்தச் சுழற்சியைத் தாங்களே வாங்கிக்கொள்கின்றன. இறங்கும்போது கால்களை முன்னால் நீட்ட முடிகிறது, அதுதான் லாபம். 1974-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த துவாரிக்கி டெலாமெர் அந்தச் சுழற்சியோடு சண்டை போடாமல், அதன் போக்கிலேயே போய்க் காற்றில் முன்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் அடித்து இறங்கினார். ஆபத்து என்று சர்வதேச அமைப்பு அதைத் தடை செய்துவிட்டது. கழுத்தை நினைத்தால் தடை செய்தது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

13 வயதுப் பையன் நாலேகால் மீட்டர் தாண்டும்போது காற்றில் இருப்பது அரை நொடி சொச்சம். அதற்குள் நடக்கப் பழகுவதற்காக மாதக்கணக்கில் செலவழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வயதுக்கு, கிளம்பிய நிலையிலேயே கொஞ்ச நேரம் மிதந்து, பிறகு கால்களைச் சேர்த்து நீட்டி இறங்கினால் போதும்.

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு 15 வயது இருக்கும்போது, பயிற்சி கொடுத்தவர் மணல்குழிக்குக் குறுக்கே இடுப்பு உயரத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, “உயரமா எம்பு, உயரமா எம்பு” என்று கத்துவார். நல்ல மனிதர். தனக்குத் தெரிந்ததை மனசாரச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அந்தக் கயிற்றைத் தாண்டுவதற்காக என் உடம்பு தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. பலகை நெருங்கும்போது வேகத்தைக் குறைப்பேன், பின்னால் சாய்வேன், குதிகாலை ஓங்கி ஊன்றி எம்புவேன். கயிற்றைத் தாண்டிவிடுவேன், அவரும் கை தட்டுவார். ஆனால் அதை ஆரம்பித்தபோது என் தூரம் 4.62 மீட்டர். இரண்டு வருடம் கழித்து 4.65. இரண்டு வருட உழைப்புக்கு மூன்று சென்டிமீட்டர். வலது குதிகாலை ஊன்ற முடியாமல் நுனிக்காலால் மாடிப்படி ஏறிய நாள்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் 45 டிகிரியில் எறிந்தால்தான் தூரம் அதிகம் என்று படித்த பிள்ளைகள், ஏன் நாமும் 45 டிகிரியில் எழும்பக் கூடாது என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. உலகத் தரத்தில் தாண்டும் ஆண்கள் பலகைக்கு வரும் வேகம் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல். அவர்கள் கால் பலகையில் இருக்கும் நேரம் சுமார் 0.12 நொடி. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவான அந்த அவகாசத்தில், முன்னால் போகும் வேகத்துக்குச் சமமாக மேல்நோக்கிய வேகத்தையும் உண்டாக்க எந்த மனிதக் காலாலும் முடியாது. கோணத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஓட்டத்தை மெதுவாக்கியே ஆக வேண்டும். அதில் வருவதைவிடப் போவது அதிகம். அதனால்தான் அவர்கள் கிளம்பும் கோணம் 20 டிகிரி அளவிலேயே நிற்கிறது. மணல்குழிக்குக் குறுக்கே கட்டியிருந்த அந்தக் கயிறு, இந்தக் கணக்கைத் தலைகீழாக எனக்குப் பழக்கிவிட்டது.

அமெரிக்க வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 1935 மே 25 அன்று அங்கே ஆன் ஆர்பர் என்ற ஊரில் 8.13 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனை 1960 வரை, 25 வருடம் நின்றது. அன்று பிற்பகல் அவர் நீளம் தாண்டியது ஒரே ஒரு முறை. அதற்குச் சற்று முன்னால் 100 கெஜ ஓட்டத்தில் உலக சாதனையைச் சமன் செய்திருந்தார். பிறகு 220 கெஜ ஓட்டத்திலும் 220 கெஜத் தடை ஓட்டத்திலும் உலக சாதனை. எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். அந்த ஒரு தாண்டுதலுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பது இதைப் படித்தாலே புரியும்.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன். என் மனசு முழுவதும் இருப்பது அங்கேதான்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். 16 வயது. நல்ல வேகம், நல்ல உயரம். மூன்று போட்டியில் 9 வாய்ப்பு, அதில் 7 பவுல், அதாவது பலகையின் முன்கோட்டைக் கால் தாண்டிவிட்டதால் கணக்கில் சேராதவை. மீதி இரண்டும் பலகைக்கு ஒரு முழத்துக்கு முன்னாலேயே எழும்பியவை. வரும்போதே “நான் பவுல் போடுற பொண்ணு, டீச்சர்” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பவுல் விழும்போதெல்லாம் அவளுக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றுதான்: ஓர் அடி பின்னால் தள்ளி நில். தள்ளி நிற்பாள், அடுத்தது பலகைக்கு எட்டாது. அப்போது, முன்னால் வா. வருவாள், மறுபடி பவுல்.

நான் அவளைத் தாண்டச் சொல்லவில்லை. எங்களுடையது மண் ஓட்டப்பாதை. அதை நன்றாகப் பெருக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஆறு முறை ஓடச் சொன்னேன். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு குனிந்து உட்கார்ந்து, ஸ்பைக்ஸ் குத்திய தடங்களை டேப்பால் அளந்து நோட்டில் எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டாவது அடியிலேயே (இனி அடி என்று நான் சொல்வது ஓடும்போது வைக்கும் காலடியை) ஓட்டத்துக்கு ஓட்டம் 15 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. பலகைக்கு நான்கு அடிக்கு முன்னால் வருவதற்குள் அது 60 சென்டிமீட்டரைத் தாண்டியது. கடைசி நான்கு அடியில் அந்த 60-ஐச் சரிக்கட்ட ஒருமுறை காலை எட்டிப் போட்டாள், ஒருமுறை குட்டி அடிகளாகத் தத்தினாள். அவள் தவறு செய்யும் இடமாக எல்லோரும் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தவறு 30 மீட்டர் பின்னால் நடந்துகொண்டிருந்தது. அவள் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் இரண்டடி நடந்து வருவாள், ஒரு நாள் துள்ளிக் கிளம்புவாள், ஒரு நாள் நின்ற இடத்திலிருந்தே பாய்வாள்.

இரண்டு வாரம் மணல்குழிப் பக்கமே போகவில்லை. ஓட்டத் தடத்தில் ஒரு கோடு கிழித்து, இடது கால் கோட்டில், வலது கால் பின்னால், உடம்பு இவ்வளவு சாய்வு, முதல் நான்கு அடியில் தரையைப் பின்னால் தள்ளு, அப்புறம் மெல்ல நிமிர். தினமும் அதுவேதான். 15-ஆவது அடி எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் குறி வைத்தேன். நாளுக்கு எட்டு ஓட்டம். குறிகள் ஒரு சாணுக்குள் கூடி வந்த பிறகுதான் அந்த நீளத்தை டேப்பால் அளந்து கொண்டுபோய் ஓட்டப்பாதையில் வைத்தோம். அதற்கடுத்த போட்டியில் 6 வாய்ப்பில் 1 பவுல். தூரம் எவ்வளவு கூடியது என்று கேட்பீர்கள். 31 சென்டிமீட்டர் கூடியது. ஆனால் அன்று அவள் என்னிடம் ஓடி வந்து சொன்னது தூரத்தை இல்லை, “ஒண்ணுதான் டீச்சர், ஒண்ணே ஒண்ணுதான் பவுல்” என்பதை.

ஓட்டத்தில் ஒரு செக் மார்க் வைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பலகைக்கு நான்கு அல்லது ஆறு அடி முன்னால், பாதையின் ஓரத்தில். அதைப் பார்க்க வேண்டியது ஓடுகிற பிள்ளை இல்லை, பயிற்சியாளர். அந்த இடத்தில் கால் சரியாக விழுந்தும் பலகை தவறினால் கோளாறு கடைசி அடிகளில் இருக்கிறது. அங்கேயே தவறினால் கோளாறு ஆரம்பத்தில். இது தெரியாமல் தொடக்கக் குறியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. காற்று மாறும்போது நகர்த்துவது வேறு விஷயம். பின்னாலிருந்து காற்று தள்ளினால் அடி நீளும், குறியைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். எதிர்க்காற்று என்றால் முன்னால்.

அடிகளின் எண்ணிக்கைக்குப் பயிற்சியாளர்களிடையே ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: சின்னப் பிள்ளைகளுக்கு வயது எத்தனையோ ஏறக்குறைய அத்தனை அடி. நான் அதிலும் ஒன்றிரண்டு குறைத்தே வைப்பேன். உலக வீரர்கள் 20 அடி சுமாருக்கு ஓடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, 12 வயதுப் பிள்ளையையும் அவ்வளவு தூரம் ஓடவிட்டால், பாதி வழியிலேயே முழு வேகம் வந்து, பலகைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் நான் “பலகையைப் பார்க்கவே கூடாது” என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எடின்பரோவில் டேவிட் லீயும் உடன் ஆராய்ந்தவர்களும் 1982-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னால் படித்தேன். நீளம் தாண்டும் பெண்கள் மூன்று பேரின் அடிகளை ஒவ்வொன்றாக அளந்திருந்தார்கள். ஓட்டத்தின் பெரும்பகுதியில் அடிக்கு அடி பிழை சேர்ந்துகொண்டே வருகிறது, கடைசிச் சில அடிகளில் கண் பார்த்து அதைச் சரிசெய்கிறது என்பது அவர்கள் கண்டது. நன்றாகத் தாண்டுகிறவர்களே கண்ணால்தான் திருத்துகிறார்கள் என்றால், நான் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி ஓடவிட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது நான் சொல்வது இது: ஐந்தாறு அடி தொலைவு வரை பலகை கண்ணில் இருக்கட்டும், கழுத்தைக் குனியாதே. அதற்கப்புறம் பார்வை மணல்குழியைத் தாண்டி எதிரே போகட்டும். கடைசி அடியில் குனிந்து பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் போகும், இடுப்பு உட்கார்ந்துவிடும்.

இனி அந்தக் கடைசி இரண்டு அடி. இதை நான் சில சமயம் திரும்பி நின்று, காதால் கேட்பேன். நன்றாக வருகிற ஓட்டம் ‘தட், தட், தட், தட், ததட்’ என்று முடியும். கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டு விழும். கெட்டுப்போகிற ஓட்டம் ‘தட், தட், தட்… தட்… தடார்’ என்று முடியும். ‘தடார்’ என்பது குதிகால். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை, தூரம் போயிருக்காது.

கடைசிக்கு முந்தைய அடி கொஞ்சம் நீளம். அதில் இடுப்பு லேசாகத் தாழும். தாழ வேண்டும் என்று நினைத்துத் தாழ்த்தக் கூடாது, பாதம் முழுவதும் தரையில் உருண்டு போகும்போது தானாகத் தாழும். கடைசி அடி குட்டை, வேகம். தாண்டும் கால் உடம்புக்குச் சற்று முன்னால், பாதம் தட்டையாக, தரையைத் தன் பக்கம் இழுக்கிற மாதிரி விழ வேண்டும். அந்தக் கணத்தில் மற்ற முழங்கால் இடுப்பு மட்டத்துக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும். பலகையில் இவ்வளவும் சேர்ந்து நடக்கக் கிடைப்பது, நான் முன்பே சொன்ன அந்த 0.12 நொடி அளவுதான். அதனால் ஐந்து விஷயத்தை ஒரே நேரத்தில் சொன்னால் பிள்ளை எதையும் செய்யாது. ஒரு நாளைக்கு ஒன்று. புல்தரையில் நீளம், குட்டை, நீளம், குட்டை என்று சாக்பொடியால் கோடு போட்டு, முதலில் நடந்து, பிறகு மெல்ல ஓடி, பிறகு ஐந்தடி ஓட்டத்தில் தாண்டி. நான் வாயால் சொல்வது ஒரே ஒரு வார்த்தை, “ததட்!” அதையே அவர்களும் சொல்லிக்கொண்டு ஓடுவார்கள். காலைவிடக் காது சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்பது என் அனுபவம்.

இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளப்பது பலகைக் கோட்டிலிருந்து மணலில் பட்ட மிகக் கிட்டிய தடம் வரை. பின்னால் கை ஊன்றினால் கை பட்ட இடம்தான் தூரம். குதிகால் மணலைத் தொட்டதும் முழங்காலை மடக்கி, இடுப்பு அந்தப் பள்ளத்துக்கே வந்து சேரவோ ஒரு பக்கமாகச் சரியவோ பழக்கினால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் சும்மா கிடைக்கும். ஆனால் மணலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொத்திக் கிளறாத மணல் சிமென்ட் மாதிரி. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஒரு முழ ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்தி, பாதையின் மட்டத்துக்குச் சமன் செய்ய வேண்டும். மணலைச் சமன் செய்யும் வாரியைப் பல் மேலே தெரியும்படி குழி ஓரத்தில் போட்டுவிட்டுப் போகிறவர்களை நான் மன்னிப்பதே இல்லை. கொத்துவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் பயிற்சியாளர் நிழலில் நிற்பதும் எனக்குப் பிடிக்காது. நானும் ஒரு மண்வெட்டி எடுப்பேன்.

முழு ஓட்டத்தில் தாண்டுவதை வாரத்துக்கு ஒரு நாள், அதிலும் ஆறு எட்டு முறைக்கு மேல் வைப்பதில்லை. பலகையில் கால் விழும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. வளர்கிற எலும்பு அது. “இன்னைக்கு 30 தாண்டினேன்” என்று ஒரு பிள்ளை பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

உங்களிடம் நான் கேட்க வந்தது இனிமேல்தான்.

முடிவுகளைப் போடும்போது முதல் மூன்று பேரின் பெயரையும் சிறந்த தூரத்தையும் மட்டும் போடுகிறீர்கள். ஆறு வாய்ப்பையும் போடுங்கள். பவுலையும் போடுங்கள், காற்றின் வேகத்தையும் போடுங்கள். இடம் அடைக்கும் என்று தெரியும். ஒரு வரிதானே. 1991 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோவில் மைக் பாவெல் 8.95 தாண்டி, இன்றும் நிற்கிற உலக சாதனையைச் செய்தார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று அவருடைய 6 வாய்ப்பில் 2 பவுல் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? முதல் வாய்ப்பு 7.85 என்பது? ஐந்தாவதில் வந்ததுதான் சாதனை. கார்ல் லூயிஸ் அதே மாலையில் விதி அனுமதிக்கும் அளவுக்கு மேற்பட்ட காற்றின் உதவியோடு 8.91-ம், அதன் பிறகு விதிக்கு உட்பட்ட காற்றில் 8.87-ம் தாண்டியும் இரண்டாம் இடம். அந்த இருவரின் பன்னிரண்டு வாய்ப்புகளையும் வரிசையாகப் படிக்கிற பிள்ளைக்கு இந்த விளையாட்டு என்னவென்று புரிந்துவிடும்.

அமெரிக்காவின் பாப் பீமன் 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 8.90 தாண்டி, அதுவரை இருந்த சாதனையை 55 சென்டிமீட்டர் தள்ளி வைத்தார். அதற்கு முந்தைய தகுதிச் சுற்றில் அவருக்கு முதல் இரண்டும் பவுல். மூன்றாவதும் போயிருந்தால் 8.90 என்ற ஒன்றே இருந்திருக்காது. கூடப் போட்டியிட்ட ரால்ஃப் பாஸ்டன், பலகைக்கு முன்னாலேயே எழும்பிவிடு என்று சொல்லிக் கொடுத்தார். பலகைக்கு ஒரு சாண் முன்னால் எழும்பினால் போவது ஒரு சாண்தான். பவுல் என்றால் எல்லாமே போய்விடும். இந்தச் செய்தியை நான் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு குழுவுக்கும் சொல்கிறேன். இப்போது அது இன்னும் முக்கியம். முன்பெல்லாம் ஷூ நுனி கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலும் கோட்டுக்கு அப்பால் வைத்திருக்கும் பிளாஸ்டிசின் என்ற மென்களிமண் பட்டையில் தடம் படாவிட்டால் தப்பிக்கலாம். 2021 நவம்பரிலிருந்து, கோட்டுக்கு நேர் மேலே நுனி கடந்தாலே பவுல்.

பவுல் அதிகமாகி ஆட்டம் சுவாரசியம் இழக்கிறது என்று, பலகையை எடுத்துவிட்டு ஒரு பட்டையான பகுதியை வைத்து, எங்கே கால் வைத்தாலும் அங்கிருந்தே அளக்கலாம் என்ற யோசனையை 2024-ல் உலகத் தடகள அமைப்பு முன்வைத்தது. கார்ல் லூயிஸ் வெளிப்படையாகவே எதிர்த்தார். நானும் அவர் பக்கம். 40 மீட்டர் தூரம் முழு வேகத்தில் ஓடி வந்து 20 சென்டிமீட்டர் பலகையில் காலை வைப்பதுதான் இந்த விளையாட்டின் பாதி. அந்தப் பெண் இரண்டு வாரம் மணலைத் தொடாமல் ஓடியது அதற்காகத்தான்.

இரண்டாவது வேண்டுகோள், படம். உங்கள் புகைப்படக்காரர் அடுத்த முறை மணல்குழிக்கு எதிரே நிற்காமல், பலகைக்குப் பக்கவாட்டில், தரையோடு தரையாக உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுக்கட்டும். கால் பலகையில் இருக்கும் அந்த 0.12 நொடியில். முகம் அழகாக விழாது, எனக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முழங்கால் எங்கே இருக்கிறது, பாதம் எப்படி விழுந்திருக்கிறது, இடுப்பு எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தெரியும். அதையும் பிள்ளைகள் கத்தரித்து எடுத்துக்கொண்டு வரட்டும்.

உங்கள் படத்தோடு வந்த பையனுக்கு ஹிட்ச் கிக் நான் இன்னும் சொல்லித் தரவில்லை. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இப்போது 11 அடி ஓட்டம் அவனுக்கு நிலைத்துவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அவன் கால் பலகையில் விழும் கணத்தை என் செல்போனில் பிடிக்கப் பார்த்தேன். பதினோரு முயற்சியில் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் கொஞ்சம் கலங்கல். இடது பாதம் தட்டையாக இருக்கிறது, ஷூ நுனிக்கும் கோட்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அவனே போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, கோட்டருகே விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு, “இன்னும் மூணு விரல் முன்னால வரலாம், டீச்சர்” என்றான்.

அந்தப் படத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முகம் இல்லை, கால் மட்டும்தான். இடமிருந்தால் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் உடற்கல்வி ஆசிரியை